உப்புக் கை

ஜன்னலை மூடிவிடட்டுமா அக்கா? எனக்குக் குளிருகிறது என்று இல்லை, இந்த டப்பாவுக்காகக் கேட்கிறேன். சாரல் பட்டால் உள்ளே இருப்பதெல்லாம் வியர்த்துவிடும். ஆமாம், வியர்க்கும். பொம்மைகள்தான். மைதாவும் உப்பும் பிசைந்து செய்தவை. இதோ பாருங்கள், மீன், தோணி, நட்சத்திரம், ஆமை. ஆமை ஓட்டில் கட்டம் போட்டிருக்கிறது, தெரிகிறதா? அதற்கு மட்டும் ஒரு சாயங்காலம் முழுசாகப் போனது.

இல்லை அக்கா, விற்க இல்லை. பள்ளிக்கூடத்தில் காட்டக் கொண்டுபோகிறேன். இவனுடையது. டென்சில், பெரியம்மாவுக்கு குட் மார்னிங் சொல்லு. சொல்ல மாட்டான். நாலரை வயது, எல்.கே.ஜி.

இவன் செய்ததா என்றா கேட்கிறீர்கள்? இவன் செய்ததுதான். அதாவது, இவனைப் பக்கத்தில் உட்காரவைத்து நான் செய்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டால் இவன் செய்தான் என்றுதான் சொல்லப்போகிறேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. நீங்கள் யாரோ நான் யாரோ, தூத்துக்குடி வந்தால் இறங்கிப் போய்விடுவோம்.

பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இவனுக்குப் பென்சில் பிடிக்க வரவில்லை அக்கா. கையில் கொடுத்தால் அது பாட்டுக்கு நழுவி விழும். விரலில் பலமே இல்லை. ஒரு கோடு இழுக்கச் சொன்னால் அது பேப்பரை விட்டு மேஜைக்குப் போகும். மற்ற பிள்ளைகள் ஏ பி சி டி முடித்து நம்பருக்குப் போய்விட்டார்கள். இவன் இன்னும் நின்ற கோடு, படுத்த கோடு. கிறிஸ்துமஸ் லீவுக்குள் சரியாகாவிட்டால் இந்தப் பள்ளிக்கூடம் இவனுக்கு ஒத்துவராது, வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வேறு இடம் என்றால் எந்த இடம் என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று டவுனில் தனியாக ஒன்று இருக்கிறது. டவுன் பஸ்ஸெல்லாம் அந்த கேட்டைத் தாண்டித்தான் போகும். இன்றைக்கும் தாண்டும். நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்.

டென்சில், அந்தக் கை இல்லை. சோத்துக் கையில் வாங்கு. பெரியம்மா முறுக்கு தருகிறார்கள் என்றால் சோத்துக் கையை நீட்ட வேண்டும். தேங்க் யூ சொல்லு. மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, எத்தனை தடவை சொன்னாலும் அந்தக் கைதான் முதலில் வரும். வகுப்பு மிஸ்கூட ஜூனிலேயே கேட்டார்கள், பையன் இடது கையில் எடுக்கிறான், விடட்டுமா என்று. விடவேண்டாம், வீட்டில் பழக்கிக்கொண்டிருக்கிறோம் என்று டைரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. என்னையும் அப்படித்தான் மாற்றினார்கள். கான்வென்டில் கிறிஸ்பின் சிஸ்டர் என்று ஒருவர், என் இடது கையைக் கைக்குட்டையால் பெஞ்சுக் காலோடு கட்டிவிடுவார்கள். ஒரு வருஷம். என் கையெழுத்து இப்போது அச்சடித்த மாதிரி இருக்கும், பார்த்தால் அசந்துபோவீர்கள். கொஞ்சம் நடுங்கும், அவ்வளவுதான். ஊசியில் நூல் கோக்கச் சொல்லாதவரை ஒன்றும் தெரியாது.

எதில் விட்டேன்? மாவு.

ஷைனி மிஸ்தான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு கப் மைதா, ஒரு கப் தூளுப்பு, ஒரு கப் தண்ணீர். தினமும் அரைமணி நேரம் பிசையவிடுங்கள், உருட்டவிடுங்கள், விரலுக்குப் பலம் வரும் என்று. சின்ன நல்ல பெண், கல்யாணம்கூட ஆகவில்லை. பிள்ளை பெற்றவளாக இருந்தால் அப்படி லேசாக எழுதிக் கொடுத்திருக்க மாட்டாள். அரைமணி நேரமாம்.

முதல் நாளே வாயில் போட்டான். போனில் பார்த்தேன், அவ்வளவு உப்பு சின்னப் பிள்ளை வயிற்றுக்குள் போனால் வலிப்புகூட வரும் என்று இருந்தது. இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் சிரித்துக்கொண்டே மூன்று தடவை ஒன்றுக்குப் போனான். இரண்டாம் நாள் விரல் எரிகிறது என்று ஒரே அழுகை. இதோ பாருங்கள், சோத்துக் கையில் இந்த நடுவிரலை. அக்டோபரில் ஸ்கூல் வேன் கதவு வைத்து நசுக்கி நகம் கழன்று விழுந்துவிட்டது. புதுசு இன்னும் முளைக்கவில்லை. அதில் உப்பு ஏறினால் எரியாதா? உறை மாட்டிவிட்டேன். உறையோடு எப்படிப் பிசைவான்? பிறகு நானே பிசைந்தேன்.

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய. பொறுமையாகத்தான் ஆரம்பிப்பேன். உருட்டு கண்ணா என்பேன். அவன் உருண்டையை எடுத்துப் பார்ப்பான். மூக்கில் வைத்து மோப்பம் பிடிப்பான். அந்தக் கைக்கு மாற்றுவான். நான் இந்தக் கைக்கு மாற்றிக் கொடுப்பேன். கீழே போடுவான். எடுத்துக் கொடுப்பேன். அதற்குள் மாவு காய்ந்து வெடிக்க ஆரம்பித்துவிடும். ஒரு மீன் செய்ய இந்த வீட்டில் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுக்கொண்டே நானே செய்துவிடுவேன். அவன் என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதுமட்டும் நன்றாகச் செய்வான், பார்ப்பது.

செய்ததைக் காயவைப்பது அடுத்த கூத்து. ஐப்பசி கார்த்திகையில் நம்ம ஊரில் துணியே காயாது. காலையில் மாடியில் வைத்தால் மத்தியானம் கல் மாதிரி இருக்கும், கடல் காற்று திரும்பியதும் முத்து முத்தாக வியர்த்து நிற்கும், மறுநாள் கூழ். தோசைக்கல்லில் சுட்டேன், பொங்கி வெடித்தது. கடைசியில் வீட்டுப் பீடத்தில் அந்தோணியார் படத்துக்குக் கீழே ஒரு குண்டு பல்ப் எரியும், அந்தச் சூட்டில் வைத்தேன். அங்கேதான் காய்ந்தது. இந்த ஆமை, இந்தத் தோணி எல்லாம் அந்தோணியார் காலடியில் காய்ந்ததுதான்.

அங்கேதான் வினையே.

எங்கள் வீட்டில் நானும் இவனும் மைனியும். மைனி என்றால் இவன் அப்பாவுக்கு அக்கா, ரெஜினா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோயிலுக்குப் பூ அலங்காரம், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், தெருவில் யார் வீட்டில் என்ன என்கிற கணக்கு, எல்லாம் அவர்கள் பொறுப்பு. இவன் அப்பா கப்பலில். அவரிடம் நான் பென்சில் விஷயத்தைச் சொல்லவில்லை. நடுக்கடலில் இருக்கிறவரிடம் என்னவென்று சொல்ல? மைனியிடமும் சொல்லவில்லை. மாவு எதற்கு என்று கேட்டார்கள், ஸ்கூல் ப்ராஜெக்ட் என்றேன். "ஒரு பாக்கெட் உப்பையும் கொட்டி வெளயாடுதியளே, உப்பு காலுல மிதிபடலாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. மத்தியானம் மழை கொட்டியது. இவனிடம் ஒரு உருண்டை மாவைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்க ஓடினேன். எடுத்துக்கொண்டிருக்கும்போதே இவன் அப்பா போன். மாடிப்படியிலேயே உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினேன். இறங்கி வந்தால் இவன் கையெல்லாம் கழுவிக்கொண்டு, சமர்த்தாக மழை பார்த்துக்கொண்டிருக்கிறான். உருண்டையைக் காணோம். தின்றுவிட்டானோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. வாயைத் திறந்து பார்த்தேன், விரலைவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எங்கேடா என்றால் பீடத்தைக் காட்டினான். அங்கே என் மீன்தான் இருக்கிறது என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் செவ்வாய். தெருமுனையில் இருக்கிற குட்டிக் கோயில், அந்தோணியார் கெபி, அங்கே செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்கும், நேர்ந்துகொண்டவர்கள் உப்பும் மிளகும் கொண்டுவந்து கொட்டுவார்கள். நீங்களும் போட்டிருப்பீர்கள். சாயங்காலம் கடைக்குப் போனால் மளிகைக் கடை அருளம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள்: "கவலப்படாத பிள்ள. எங்க அண்ணன் மவனுக்கும் ஒரு கை இப்பிடித்தான் தொவண்டு கெடந்துச்சு. கோடி அற்புதரு அந்தோணியாரு கைவிட மாட்டாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன கை என்றேன்.

"ரெஜினா எல்லாருட்டயும் செபிக்கச் சொன்னாளே. உப்புலயே கை செஞ்சு நேந்திருக்கியளாமே. அம்புட்டு அழகா இருந்துச்சு பிள்ள, நெசக் கை மாரி."

நான் சாமான் பையைக் கடையிலேயே போட்டுவிட்டு கெபிக்கு ஓடினேன். உப்புக் குவியல் மேல் இருந்தது அக்கா. உள்ளங்கையளவு. ஒரு குழந்தைக் கை. வலது கை. மெத்து மெத்தென்று, மணிக்கட்டில் மடிப்பு, விரல் மூட்டுக்கு மூட்டு கோடு, நகம்கூட வைத்திருந்தது. அதிலும் ஒரு விரலுக்கு வைக்காமல் விட்டிருந்தது. மைனி எதையும் முழுசாகச் செய்ய மாட்டார்கள், பூ ஜாடியில்கூடப் பின்பக்கம் மொட்டையாக விட்டுவிடுவார்கள். அதற்குள் ஈரத்தில் கரைய ஆரம்பித்திருந்தது. எடுக்கப்போனேன். கெபியைக் கூட்டிப் பெருக்குகிற கோயில்பிள்ளை விடவில்லை. "போட்டத எடுக்கப்படாதும்மா. அது அவருக்குள்ளது." நான் பார்க்கப் பார்க்கச் சுண்டுவிரல் சாய்ந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். பணிவாகத்தான் கேட்டேன். "ஏன் மைனி இப்படிச் செஞ்சீங்க? என் பிள்ளை கை வெளங்கலைன்னு ஊர் பூரா தமுக்கடிச்சிட்டீங்களே."

"நா எங்க செஞ்சேன்? நீ செஞ்சு வச்சத கொண்டு போட்டேன்."

"நான் செஞ்சேனா?"

"பின்ன, இந்த வீட்டுல மாவுல மீனு செய்யுதது யாரு, ஆமை செய்யுதது யாரு? அந்தோணியாருக்குக் கீழ கை இருந்துச்சு. சோத்துக் கை. அந்தக் கையிலதான பிள்ள ஒண்ணும் புடிக்க மாட்டாம கெடக்கான், எனக்குத் தெரியாதா? எங்கிட்டச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு நீயே நேந்து வச்சிருக்கன்னு நெனச்சேன். எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு பிள்ள. சரி, இவளுக்காவது விசுவாசம் வந்துச்சேன்னு மொளகும் வாங்கி நானே கொண்டு போட்டேன்."

"நான் வைக்கலை. நீங்க செஞ்சு வச்சுட்டு என் தலையில கட்டாதீங்க."

"அந்தோணியார் மேல சத்தியமா நா செய்யல. எனக்குக் கொழுக்கட்டையே உருண்டையா வராது."

இப்படியே ஒரு மணி நேரம். செய்தது நீ, செய்தது நீங்கள். இவன் நடுவில் வந்து "நான்... நான்..." என்று எதையோ ஆரம்பித்தான். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வரக்கூடாது என்று அதட்டி உட்காரவைத்தேன். மரியாதையை மட்டும் நான் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் அக்கா. உடனே உட்கார்ந்துவிட்டான்.

பதினேழு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் இவன் வழியாகத்தான். "டென்சில், உங்க அத்தைகிட்ட சொல்லு, குழம்பு அடுப்பில் இருக்கிறது என்று." "டென்சில், ஒங்க அம்மாட்ட சொல்லு, கரண்டு பில்லு வந்துருக்குன்னு." இவன் ஒரு வார்த்தை விடாமல் கொண்டுபோய்ச் சொல்கிறான். அந்த மூளையெல்லாம் இருக்கிறது. கைதான்.

அதோடு முடிந்ததா? ஷைனி மிஸ்ஸின் சித்தி எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. பையனுக்கு ஒரு கை விளங்காதாமே, அட்மிஷன் ஃபாரத்தில் ஏன் எழுதவில்லை என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கடிதம். அதற்குத்தான் இன்றைக்குப் போகிறேன். நான் போய் டப்பாவைத் திறந்து வைக்கப்போகிறேன். கை விளங்காத பிள்ளை இப்படி ஆமை செய்யுமா மேடம் என்று கேட்கப்போகிறேன். ராத்திரி எல்லாம் இதைத்தான் சொல்லிப் பார்த்தேன், இங்கிலீஷில். செய்து காட்டச் சொன்னால்? அதற்குத்தான் காலையில் ஒரு உருண்டை பிசைந்து பாலித்தீன் பையில் கொண்டுவந்திருக்கிறேன். சும்மா உருட்டினால் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் சோத்துக் கையால் ஒரு உருட்டு உருட்டிவிட்டால் போதும்.

பழையகாயல் தாண்டிவிட்டோமா? அதோ உப்பளம் வந்துவிட்டது. இந்த மழையில் எல்லாம் தண்ணீராக நிற்கிறது பாருங்கள். குவியலையெல்லாம் ஓலை போட்டு மூடிவிட்டார்கள். மூடினாலும் அடியில் கரையத்தான் செய்யும். உப்புக்கு மட்டும் மழைக்காலத்தில் நிம்மதி கிடையாது. எனக்கும்தான்.

அவன் எங்கே, சத்தத்தையே காணோம்? உங்கள் பக்கம் சாய்ந்து உங்களைத் தொந்தரவு செய்கிறானா? இல்லையா. நீங்கள் ரொம்ப நேரமாக அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். என்ன அக்கா? நான் இவ்வளவு சொல்கிறேன், நீங்கள் என் முகத்தையே பார்க்கவில்லை. மாவையா எடுத்துவிட்டான்? ஐயோ, அது ஹெட்மிஸ்ட்ரஸுக்கு. டென்சில், அதை வை. வைக்கச் சொன்னேன் இல்லையா. சோத்துக் கை எங்கே?

சரி அக்கா. சரி. நான் பேசவில்லை. நீங்கள் சொன்னதற்காகப் பேசவில்லை.

டப்பா மூடியைக் கவிழ்த்து மடியில் வைத்திருக்கிறான். அதன்மேல் சோத்துக் கையை விரித்து வைத்திருக்கிறான். சும்மா, பார்த்துச் செய்ய. அந்தக் கையால் உருட்டுகிறான். பஸ் இந்தக் குலுக்குக் குலுக்குகிறது, ஒரு விரல்கூடக் கோணவில்லை. முறுக்குத் துண்டால் மூட்டுக்குக் கோடு போடுகிறான். மணிக்கட்டில் மடிப்பு. எவ்வளவு நேரமாகச் செய்கிறான்? நான் மைனி கதையை ஆரம்பித்ததில் இருந்தா? நீங்கள் ஏன் அப்போதே சொல்லவில்லை? சொன்னீர்களா? என் காதில் விழவில்லை அக்கா.

நகம் வைக்கிறான். ஒன்று. இரண்டு. நடுவிரலைத் தாண்டிவிட்டான்.

டென்சில். கண்ணா. அம்மா திட்ட மாட்டேன். அந்த விரலுக்கு ஏன் நகம் வைக்கவில்லை?

"அதுல இல்லல்லா."

ஆமாம். அதில் இல்லை. வேன் கதவு. நான்தானே மருந்து போட்டேன். இரண்டு மாதமாக நான்தானே தினமும் கட்டு மாற்றினேன். கெபியில் அந்த விரலைப் பார்த்துவிட்டு மைனி அரைகுறையாகச் செய்திருக்கிறார்கள் என்றுதானே எனக்குத் தோன்றியது. அன்றைக்கு "நான்... நான்..." என்றாயேடா, முழுசாகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? யாரிடம் சொல்வான். நான்தான் உட்காரவைத்தேனே.

ஸ்பிக் நகர் தாண்டியாயிற்று. இன்னும் கால்மணிதான் இருக்கிறது அக்கா. நான் இங்கிலீஷில் படித்து வைத்ததெல்லாம் ஆமையைப் பற்றித்தான். அந்த டைரி வேறு அவர்களிடம் இருக்கும். ஜூன் மாதப் பக்கம். அச்சடித்த மாதிரி கையெழுத்து. விடவேண்டாம் என்று யார் எழுதியது என்று கேட்பார்கள், நான் என்று சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது. கிறிஸ்பின் சிஸ்டர் முன்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு இருபத்தேழு வயது, இப்போதும் ஹெட்மிஸ்ட்ரஸ் அறை என்றால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பேன்.

நீங்கள் பாட்டுக்குச் சொல்லிவிட்டீர்கள், அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்துப் பாரேன் என்று. கொடுத்துப் பார்த்ததே இல்லை அக்கா. ஒரு தடவைகூட.

இந்த டப்பாவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, எனக்கு வேண்டாம். பேத்திக்கு மூன்று வயது என்றீர்களே, விளையாடட்டும். வாயில் வைக்க மட்டும் விடாதீர்கள், தண்ணீர் பக்கத்தில் வைத்திருங்கள். மழைநாளில் பல்புக்குக் கீழே வைத்தால் வியர்க்காது. ஆமையை ஜாக்கிரதையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். இல்லை, எப்படியாவது பிடிக்கட்டும்.

ஸ்டாண்டு வந்துவிட்டது. டென்சில், அதை அம்மாவிடம் கொடு, ஈரமாக இருக்கிறது, கோணிவிடும். மெதுவாக. அம்மா அழுத்த மாட்டேன். என் கை நடுங்குகிறது என்று பார்க்கிறீர்களா அக்கா? இது இப்படித்தான். இல்லை, இது அந்தக் கை இல்லை. இது நடுங்காத கை, இடது கை. இத்தனை வருஷம் கழித்து இதுவா நீண்டது.

வா கண்ணா, இறங்கலாம். கையைக் கொடு. அது வேண்டாம். அதை யாரும் பிடித்துவைக்க வேண்டாம், சும்மா இருக்கட்டும். சோத்துக் கையைக் கொடு, அதை அம்மா பிடித்துக்கொள்கிறேன்.

அக்கா, இந்தப் பையை மட்டும் தோளில் மாட்டிவிடுங்களேன். எனக்குக் கை ஒழிவில்லை.